இவாலுவேஷன் – மதிப்பீடு

அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை, பேச்சு தாமதம் என்றால் ஆசிரியர் சொல்லும் முதல் சொல் ‘இவாலுவேஷன்’. நம் வீடுகளில் அது உடனே ‘டெஸ்ட்’ ஆகிவிடுகிறது. “பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கப் போறாங்களாம்” என்று சொல்லும்போதே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

லத்தீன் மொழியில் ‘வலேரே’ என்றால் வலிமையோடு இருத்தல், மதிப்புப் பெறுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘மதிப்பை அறிதல்’ என்ற பொருள் நிலைத்தது. தமிழில் இதற்கு நேரான சொல் மதிப்பீடு. மதிப்பிடு என்ற வினையில் ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆகிறது. முதலீடு, வெளியீடு எல்லாம் இப்படிப் பிறந்தவையே. தேர்வு என்றால் தேறுவது, தோற்பது என்று மனம் போகும். பரிசோதனை என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் தனிக் கற்பித்தலும் உதவியும்தான் சிறப்புக் கல்வி. அது ஒரு பிள்ளைக்குத் தேவையா என்று பார்ப்பதே இந்த இவாலுவேஷன். அதனால் ‘சிறப்புக் கல்வி மதிப்பீடு’ என்றே சொல்லிப் பழகலாம்.

1975-இல் இயற்றப்பட்டு, 1990-இல் ‘ஐடியா’ (IDEA, குறைபாடுள்ளோர் கல்விச் சட்டம்) என்று பெயர் மாறிய கூட்டரசுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒரே ஒரு தேர்வை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்கிறது அது. வகுப்பில் கவனிப்பது, ஆசிரியர் சொல்வது, பெற்றோர் தரும் தகவல் எல்லாமே மதிப்பீட்டில் சேர வேண்டும்.

பள்ளியே தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாய்மொழியாகக் கேட்டால் அது காற்றோடு போய்விடும். “என் மகளுக்குச் சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சம்மதித்தால் ஒப்புதல் படிவம் வரும். நீங்கள் கையெழுத்திட்ட படிவம் பள்ளிக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். சில மாநிலங்கள் தனிக்கெடு வைத்திருக்கின்றன. இந்தக் கையெழுத்து மதிப்பீட்டுக்கு மட்டுமே. சிறப்பு வகுப்பில் சேர்க்க வேறு ஒப்புதல் வேண்டும். இது தெரியாமல் பயந்து படிவத்தை மேசையிலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நம்மவர்கள் அழுத்திக் கேட்க வேண்டிய ஒன்று மொழி. படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்கும்போது, வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை ‘கரண்டி’ என்கிறது. ஆங்கில விடையை மட்டுமே ஏற்கும் தாளில் அது தவறு. குழந்தைக்குத் தெரிந்த மொழியில், முடிந்தவரை, மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலம் போதாததை மட்டுமே காரணம் காட்டிக் குறைபாடு என்று முடிவுகட்டவும் கூடாது. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

பள்ளியின் மதிப்பீட்டை ஏற்க முடியாவிட்டால், பள்ளிச் செலவிலேயே வெளி நிபுணரிடம் ‘சார்பற்ற மதிப்பீடு’ கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் நிறுவ வேண்டும்.

அப்புறம், ‘ரீஇவாலுவேஷன்’. இதை மறுமதிப்பீடு என்று எழுதினால் பிளஸ் டூ விடைத்தாளை மறுபடி திருத்துவதுதான் நினைவுக்கு வரும். சிறப்புக் கல்விக்குத் தகுதி பெற்ற பிள்ளைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது நடப்பது இது. ‘மூன்றாண்டு மதிப்பீடு’ என்பதே குழப்பமில்லாத பெயர்.