17.2: சோடியம் தன் படிகளைக் காட்டிக்கொடுத்த எண்

நீலமாக எரியும் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் சட்டென்று மஞ்சளாகிவிடும். உப்பில் இருக்கும் சோடியத்தின் வேலை அது. அந்த மஞ்சள் ஒளியை மெல்லிய பிளவு ஒன்றின் வழியாக அனுப்பி, ஒளியை நிறம்வாரியாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கீறிய கீற்றணியில் விழச்செய்தால், அது வானவில்போல விரியாது. நெருங்கி நிற்கும் இரண்டு கோடுகள்தான் பளிச்சென்று தெரியும். ஒன்றின் அலைநீளம் 588.995 நானோமீட்டர், மற்றதன் அலைநீளம் 589.592.

ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு என்பதை 1859-60இல் கிர்க்காஃபும் புன்சனும் நிறுவினார்கள். அதைக் கொண்டே சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதிய உலோகங்களையும் கண்டுபிடித்தார்கள். பலருக்கு நிறமாலை என்றால் நினைவுக்கு வருவது இந்தக் கைரேகைக் கதைதான். எனக்கோ அதற்கு அடுத்த கதைதான் இன்னும் பெரிய அதிசயம். இந்தக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஓர் அணுவுக்குள் எலக்ட்ரான் எந்தெந்த உயரங்களில் இருக்கலாம் என்று ஏழு இலக்கத் துல்லியத்தில் சொல்லிவிட முடிகிறது.

சிக்கல் என்னவென்றால், கோடு என்பது உயரம் அல்ல, இரண்டு உயரங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம். எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து கீழே இன்னொரு மட்டத்துக்கு இறங்கும்போது, அந்த வித்தியாசம் ஒளியாக வெளியேறுகிறது. எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற விவரம் ஒளியில் எழுதப்பட்டிருக்காது. ஊர்ப் பெயர் இல்லாமல் தூரம் மட்டும் குறித்த ஆயிரம் சீட்டுகளைக் கையில் கொடுத்து, "இதை வைத்து வரைபடம் போடு" என்று சொல்வதைப் போன்ற வேலை இது.

முதலில் ஒளி தரும் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்காமல் இருக்க வேண்டும். திட உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சினால் எல்லா நிறமும் கலந்து தொடர்ச்சியாக வரும், அதில் கோடுகள் இருக்காது. அதனால்தான் உலோகத்தை ஆவியாக்கி, குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளிரவைக்கிறார்கள்.

அடுத்து, அலைநீளத்தை அப்படியே வைத்துக்கொண்டால் ஒன்றும் பிடிபடாது. அதைத் தலைகீழாக்கி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் அடங்கும் என்று கணக்கிட வேண்டும். இதற்கு அலை எண் என்று பெயர். ஒளியின் ஆற்றல் அலை எண்ணுக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், அலை எண்ணைக் கழிக்கலாம், கூட்டலாம். காற்றில் அளந்த அலைநீளத்தை வெற்றிடத்துக்கு உரியதாகத் திருத்தவும் வேண்டும். மிகச் சிறிய திருத்தம்தான், ஆனால் அதை விட்டுவிட்டால் பின்னால் கணக்குகள் பொருந்தாது.

சரி, இப்போது சோடியத்தின் வேறு சில கோடுகளைப் பாருங்கள். 568.26, 568.82 என்று ஒரு ஜோடி. 615.42, 616.07 என்று இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 818.33, 819.48. ஜோடிகளின் இடைவெளி நானோமீட்டரில் முறையே 0.56, 0.65, 1.15 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கிறது. அலை எண்ணாக மாற்றியதும் எல்லா ஜோடிகளிலும் இடைவெளி சுமார் 17.2. அந்த மஞ்சள் ஜோடியிலும் அதே 17.2!

இது தற்செயலாக இருக்க முடியாது. அணுவுக்குள் 17.2 இடைவெளியில் இரட்டை மட்டம் ஒன்று இருக்கிறது, இந்த ஜோடிகள் எல்லாமே அதைத் தொட்டுப் போகின்றன என்றுதான் பொருள். அப்படியானால் அந்த இரட்டை எங்கே இருக்கிறது, கோட்டின் மேல் முனையிலா, கீழ் முனையிலா? இதற்குப் பதில் பிரகாசத்தில் கிடைக்கிறது. மஞ்சள் ஜோடியில் அலைநீளம் குறைந்த கோடு அதிகப் பிரகாசம். மற்ற மூன்றிலும் அலைநீளம் கூடிய கோடு அதிகப் பிரகாசம். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருக்கிறது. இரட்டையின் மேல் மட்டமே எங்கும் பிரகாசமான கோட்டைத் தருகிறது என்றால்தான் இது பொருந்தும். ஆக, மஞ்சள் ஒளி இரட்டை மட்டத்திலிருந்து கிளம்பிக் கீழே போகிறது. மற்றவை மேலிருந்து வந்து அந்த இரட்டை மட்டத்தில் இறங்குகின்றன.

மஞ்சள் ஒளி போய்ச் சேரும் இடம்தான் அடித்தளமா, அதாவது எல்லாவற்றிலும் தாழ்ந்த மட்டமா? அதற்கும் சோதனை உண்டு. ஒளிராத சோடியம் ஆவி வழியாக வெள்ளை ஒளியை அனுப்பினால், அடித்தளத்திலிருந்து ஏறக்கூடிய ஒளி மட்டுமே உறிஞ்சப்படும். மஞ்சள் ஜோடி அங்கே கருங்கோடாக வருகிறது, 615, 568 ஜோடிகள் வருவதில்லை. அடித்தளத்துக்குச் சுழியம் என்று பெயரிட்டுவிட்டால், இரட்டை மட்டம் 16956.2, 16973.4 என்ற உயரங்களில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் மற்ற ஜோடிகளை ஏற்றினால் அடுத்தடுத்த மட்டங்கள் வந்து விழும்.

தவறாக அடுக்கிவிட்டால் எப்படித் தெரியும்? கோடுகளின் அலை எண்களைக் கூட்டினாலோ கழித்தாலோ இன்னொரு கோட்டின் அலை எண் கிடைக்கும் என்று 1908இல் இயற்பியலாளர் ரிட்ஸ் சொன்ன கூட்டல் விதி இங்கே காவலாளி. புற ஊதாவில் 330.2 நானோமீட்டரில் ஒரு சோடியம் கோடு இருக்கிறது. அது 30272.6 உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் தரைக்கு வருவது. அதே மட்டத்திலிருந்து மூன்று தாவல்களாகவும் இறங்கலாம்: முதலில் அகச்சிவப்பில் 4532.6, பிறகு 8766.6, கடைசியாக நம் மஞ்சள் 16973.4. கூட்டிப் பாருங்கள், 30272.6 வரும். நான்கு கோடுகளும் நிறமாலையின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு கருவிகளால் அளக்கப்பட்டவை. இருந்தும் வட்டம் மூடிக்கொள்கிறது. நீல்ஸ் போர் தன் அணு மாதிரியை 1913இல்தான் வெளியிட்டார், கூட்டல் விதி அதற்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அந்த இரட்டைக்குக் காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்பது 1925இல்தான் புரிந்தது.

ஏணியின் உச்சியையும் கண்டுபிடிக்கலாம். உறிஞ்சல் கோடுகள் 589, 330, 285 என்று புற ஊதா பக்கம் போகப்போக நெருங்கி, 241.2 நானோமீட்டர் அருகே ஒன்றாக மோதி முடிகின்றன. அதற்கு மேல் ஆற்றல் கொடுத்தால் எலக்ட்ரான் அணுவை விட்டே போய்விடும். அலை எண்ணில் அது 41449, அதாவது 5.14 எலக்ட்ரான் வோல்ட்.

இந்த எண் அணுவின் உள்ளமைப்பைப் பற்றியும் பேசுகிறது. ஹைட்ரஜனின் மூன்றாம் வட்டத்தில் எலக்ட்ரானின் பிணைப்பு, அதாவது அதைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றல், அலை எண்ணில் 12186தான். சோடியத்தின் வெளி எலக்ட்ரானும் மூன்றாம் வட்டத்தைச் சேர்ந்ததே, ஆனால் பிணைப்பு மூன்று மடங்குக்கும் மேல். காரணம், அந்த எலக்ட்ரான் உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களின் கூட்டத்துக்குள் அவ்வப்போது புகுந்து, 11 புரோட்டான்களின் இழுப்பை நேரடியாக உணர்கிறது. அதே மூன்றாம் வட்டத்தில் கூட்டத்துக்குள் புகாமல் வெளியிலேயே சுற்றும் ஒரு நிலையும் உண்டு. அதன் பிணைப்பு 12276. கிட்டத்தட்ட ஹைட்ரஜனேதான்!

வராத கோடும் தகவல்தான். 25740 உயரத்தில் ஒரு மட்டம் இருக்கிறது. அங்கிருந்து நேராகத் தரைக்கு விழுந்தால் 388.5 நானோமீட்டரில் கோடு வர வேண்டும், வருவதில்லை. ஒளித்துகள் வெளியேறும்போது ஓர் அலகு கோண உந்தத்தையும், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவையும், எடுத்துச்செல்லும். சுற்று உந்தமே இல்லாத ஒரு நிலையிலிருந்து அதேபோன்ற இன்னொரு நிலைக்கு இறங்கினால் அந்த அலகை எங்கிருந்து கொடுப்பது? அதனால் எலக்ட்ரான் இரட்டை மட்டத்தின் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

சோடியத்தில் ஒளி தருவது ஒரே ஒரு வெளி எலக்ட்ரான், அதனால் இவ்வளவு சுலபம். இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களில் பல எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடுகின்றன. கோடுகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன, அங்கே ஜோடியைத் தேடிப் பயனில்லை. மாங்கனீசின் கோடுகள் பெரிய பெரிய குடும்பங்களாகச் சேர்கின்றன என்பதை 1922இல் ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் மிகேல் கத்தாலான் காட்டிய பிறகுதான் இவற்றுக்கும் வழி திறந்தது. முறை மட்டும் அதேதான்: திரும்பத் திரும்ப வரும் வித்தியாசத்தைத் தேடு, வட்டம் மூடுகிறதா என்று பார். சார்லட் மூர் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் தொகுத்து, 1949 முதல் 1958 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அணு மட்டங்களின் அட்டவணையில் உயரங்கள்தான் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் நேரடியாக அளந்ததில்லை. ஒவ்வொன்றும் கோடுகளைக் கழித்தும் கூட்டியும் கண்டடைந்தது.