அபிமன்யு இறந்த அன்று மாலை

8 வயதுப் பையன். மூன்று வாரமாகக் காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் குழந்தை மருத்துவர் மனநல ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். நாற்காலியின் கிழிந்த ரெக்சினை விரலால் இன்னும் கொஞ்சம் கிழித்துக்கொண்டிருந்தான். (அது அந்த நிலைக்கு வந்ததே இவன் வயதுப் பையன்களால்தான்.)

சரி, கதை பேசலாம் என்று அபிமன்யுவை எடுத்தேன். 13-ஆம் நாள் போர். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. துணைக்கு வந்தவர்களை ஜயத்ரதன் மறித்துவிட்டான். உள்ளே சுற்றி நின்று அடிக்கிறார்கள்.

விரல் நின்றது.

"அவங்க அப்பா எங்க?"

"அவரை வேற பக்கம் சண்டைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்பாகிட்ட யாருமே சொல்லலையா?"

இவனுடைய அப்பாவுக்கு துபாயில் வேலை. வேனின் கடைசி சீட்டில் உட்காரும் பெரிய பையன்கள் மூவரைப் பற்றி அடுத்த பத்து நிமிடத்தில் அவனே சொன்னான்.

"ஆம்பளப் புள்ள அழலாமா" என்று கேட்டே வளர்கிறவனுக்குப் பயம் வயிற்று வலியாகவோ கோபமாகவோதான் வெளியே வரும். அபிமன்யுவின் பயத்தைப் பற்றியென்றால் பேசிவிடுவான், அதில் அவனுக்கு அவமானம் இல்லை.

கதை கேட்டால் நிஜம் எது, கற்பனை எது என்று குழம்பிவிடுவானோ என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தக் குழப்பம் கிடையாது. எனக்கு வேறொரு கவலை. வீட்டில் அப்பாக்கள் கதை சொல்லும்போது சண்டையை வைத்துக்கொண்டு அழுகையை வெட்டிவிடுகிறார்கள். ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் போட்ட சபதம் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் வாத்திய ஒலியே இல்லாத பாசறைக்குள் வந்து, மகனைத் தேடி, அவன் கதறியது தெரிவதில்லை. கீதையின் தொடக்கத்திலும் அதே அர்ஜுனன்தான், வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது என்கிறான். பதற்றத்தின் அறிகுறிகள் என்று நான் தினமும் கேஸ் ஷீட்டில் எழுதுவது இதைத்தான். கூத்து பார்க்கிறவர்கள் இதையெல்லாம் வெட்டுவதில்லை. கர்ண மோட்சம் முடியும் விடிகாலையில் முறுக்கு மீசைக்காரர்களும் துண்டால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கதை முடிந்ததும் "இதுல என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். வாயைத் திறக்கப்போகிறவன் மூடிக்கொள்வான்.

வேன் விஷயத்தைப் பள்ளியில் பேசிச் சரிசெய்தோம். அர்ஜுனன் அழுத இடத்தை வீடியோ காலில் சொல்லும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருக்கிறார். "நீங்க அழுதிருக்கீங்களாப்பா?" என்று பையன் கேட்டானாம். கொஞ்ச நேரம் திரையில் அறையின் விட்டம் மட்டும்தான் தெரிந்தது என்றார் அம்மா.