பிளாஸ்டிக் சர்ஜன்: குயவர் வழிச் சொல்

மருத்துவம் படித்துப் படையிலேயே பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கப் போகிறேன் என்றான் அக்கா மகன். சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகள் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவைக்கு இன்னும் சில மாதம்தான். என் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. “ஏன்டா, சண்டைக்குப் போறவனுக்கு மூக்கு எடுப்பா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” தேக்காவில் வாங்கிய டீ ஆறிப்போகும்வரை வாக்குவாதம். அந்த ஒரு சொல் செய்த குளறுபடி அது.

பிளாஸ்டிக் என்றதும் நமக்கு வாளியும் பையும் ஞாபகம் வருகின்றன. கிரேக்கத்தில் ‘பிளாஸ்ஸெய்ன்’ என்றால் களிமண் போன்றவற்றைப் பிசைந்து உருவம் கொடுத்தல். அதை மருத்துவர்கள்தாம் முந்தி எடுத்துக்கொண்டார்கள். மூக்கைச் சீரமைப்பது பற்றி ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃப 1818இல் எழுதிய நூலின் பெயர் ‘ரைனோபிளாஸ்டிக்’. செயற்கைப் பிசினான பேக்கலைட் வந்ததோ 1907இல். அதாவது வாளி தம்பி, சர்ஜரி அண்ணன்.

பிசைந்து உருவாக்குவதற்குத் தமிழில் அருமையான வினை உண்டு: வனைதல். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பானையை) அகலமாக ‘வனைமோ’ என்று குயவரைக் கேட்கிறாள். இந்த வினையை நான் இழுத்து வருவதற்குக் காரணம் இருக்கிறது.

1794இல் லண்டன் இதழ் ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனே அருகே, குயவரைப் போலவே களிமண்ணைப் பிசைந்து செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலை மூக்கின் அளவுக்கு வெட்டி, புருவங்களுக்கு நடுவே காம்பு போல் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்காக வைத்துப் பொருத்தினார். காம்பு வழியே இரத்தம் ஓடுவதால் தோல் சாகாது. இதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் செய்து பார்த்தார். அவருடைய முதல் நோயாளியும் ஒரு படை அதிகாரிதான். ஆனால் அவர் மூக்கைத் தின்றது எதிரியின் வாள் அன்று, வைத்தியத்துக்குக் கொடுத்த பாதரசம்.

அம்மாவின் கேள்விக்கு நேரடிப் பதில் முதல் உலகப் போரில் இருக்கிறது. பதுங்குகுழியில் உடம்பு மறைந்திருக்கும்; எட்டிப் பார்க்கும் தலைக்குத்தான் குண்டுச் சிதறல். தாடை போனவன் சாப்பிட முடியாது, இமை போனவன் கண்ணை மூட முடியாது. நியூசிலாந்தில் பிறந்த ஹேரல்ட் கில்லீஸ், பிரிட்டிஷ் படை மருத்துவர், 1917 முதல் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் இவர்களுக்கு முகம் செய்து கொடுத்தார். காம்போடு விட்ட தோல் துண்டை, அதாவது தோல் மடலை, குழாயாகச் சுருட்டித் தைத்தது அவர் கைவண்ணம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத காலத்தில் அது கிருமித்தொற்றைக் குறைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நெகிழி அறுவை’ என்று எழுதுபவர்கள் வாளியைத்தான் மொழிபெயர்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ‘ஒட்டறுவை’, ‘ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை’ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. தோலை எடுத்து ஒட்டும் தீப்புண் சிகிச்சைக்கு அவை பொருந்தும். பிளந்த உதட்டைச் சேர்த்துத் தைக்கும்போது எந்த உறுப்பை ஒட்டுகிறோம்? ‘அழகு சிகிச்சை’ இந்தத் துறையின் ஒரு கிளைக்கு மட்டுமே பெயர். செய்தியில் எழுதுவதானால் ‘சீரமைப்பு அறுவை மருத்துவர்’ என்பேன். எனக்கு மட்டும் என்றால் ‘வனைவறுவை’. (சங்க காலத்தில் ‘அறுவை’ என்றால் துணி, மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவரே இருந்தார். தோலைத் துணிபோல் வெட்டித் தைப்பவருக்கு அதுவும் பொருத்தந்தான்.)

பையன் போக வேண்டிய தூரம் நீளம். இங்கே எம்பிபிஎஸ் 5 ஆண்டு, பிறகு மருத்துவமனையில் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, ஓராண்டு. படிப்புக்காக இடையில் நிறுத்திய தேசிய சேவையில் பாக்கியிருப்பதைப் படை மருத்துவ அதிகாரியாகக் கழிக்க வேண்டும். அதற்கான பயிற்சி நீ சூன் முகாமில். நம் ஆட்கள் அவரை ‘எம்ஓ’ என்பார்கள். அதன்பின் இத்துறையில் சிறப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் மேலும் 6 ஆண்டு. படையிலேயே நிரந்தரமாக இருந்தாலும், தீப்புண்ணிலும் கைக்காயத்திலும் கை பழகுவது பொது மருத்துவமனைகளில்தான்.

அம்மா விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். “அதுக்குள்ள நான் இருக்கேனோ இல்லையோ, அந்த குயவர் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லு.”