இயற்கை அமிலம் அன்று, கரிம அமிலம்

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரில் உணவு அறிவியல் கண்காட்சி ஒன்றின் தமிழ்ப் பலகையில், ‘பூஞ்சையைக் கொண்டு சர்க்கரையை நொதிக்கச் செய்து இயற்கை அமிலங்கள் தயாரிக்கப்படுகின்றன’ என்று எழுதியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, “எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பதா அப்பா?” என்று கேட்டாள். ஆங்கிலத்தின் ‘ஆர்கானிக் ஆசிட்’ என்பதை ‘இயற்கை அமிலம்’ எனப் பெயர்க்கும் இப்பிழையை இவ்வாண்டில் நான் காண்பது மூன்றாம் முறை.

‘ஆர்கானிக்’ என்பது கருவி, உறுப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. முதலில் உயிர்களிடமிருந்து கிடைக்கும் பொருள்களைக் குறித்த அச்சொல், 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டியபின், படிப்படியாகக் கரிமச் சேர்மங்களுக்கு, அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களுக்கு, உரியதாயிற்று. கரி என்னும் நம் சொல்லிலிருந்து பிறந்த ‘கரிம’ இப்பொருளை நேராகத் தருகிறது.

காய்கறிக் கடையில் ‘ஆர்கானிக்’ என்பதை ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்பது சரியே. அதையே வேதியியலுக்குள் இழுத்துவரும்போதுதான் பொருள் கெடுகிறது. எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலத்தையே பார்ப்போம். 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கர்ரி வகுத்த வழியைப் பின்பற்றி, வெங்காயத் தோலில் கறுப்புப் பொடியாகப் படிகிறதே, அதே ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையைப் பெரிய கலன்களில் வளர்த்து, சர்க்கரைப் பாகை ஊட்டி, இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, மாங்கனீசு மிகாதபடி காத்து, அமிலத்தை மிகுதியாகச் சுரக்கவைக்கிறார்கள். இன்று விற்பனைக்கு வரும் சிட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி இவ்வாறு கிடைப்பதே. இதை ‘இயற்கை’ என்றால் கரிமமற்ற அமிலங்களைச் ‘செயற்கை’ என்றாக வேண்டும். ஆனால் நமக்கு அருகிலுள்ள ஜாவாவின் இஜென் எரிமலை ஏரியில் மனிதர் கைபடாமலே கந்தக அமிலம் நிறைந்திருக்கிறது. மெத்தனாலைக் கொண்டு ஆலையில் செய்யும் அசிட்டிக் அமிலமோ ஐயத்திற்கிடமின்றிக் கரிம அமிலம்.

‘ஆர்கானிக்’ என்பதற்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘சேதன’ இத்தகைய குழப்பம் தருவதில்லை. ஆயினும் அவ்வடசொல்லைவிடக் ‘கரிம’ மாணவர்க்கு எளிதில் விளங்கும் என்பது என் துணிபு. நான்கு மொழிகளில் பலகை வைக்கும் நம் நாட்டில் தமிழுக்கு இடம் கிடைப்பது பெரும்பேறு. அந்த இடத்தில், துறை எதுவென்று பாராமல் நினைவுக்கு முதலில் வந்த சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் வைத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

‘சர்க்கரையைப் பூஞ்சையால் நொதிக்கச் செய்து கரிம அமிலங்கள் பெறப்படுகின்றன’ என்று திருத்தும்படி ஏற்பாட்டாளர்களுக்கு அன்றிரவே எழுதினேன். அப்பலகை அடுத்த மாதம் ஒரு பள்ளிக்குச் செல்லவிருக்கிறது.