சொல் விளக்கம்: ‘சர்ஃபேஸ் ஹோர்’ என்னும் பரப்பு நரைபனி

மலைப்பனியை ஆய்வோர் ‘சர்ஃபேஸ் ஹோர்’ என்று குறிப்பது வானிலிருந்து விழும் பனியை அன்று. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் வெண்பனியின் மேல், காற்றிலுள்ள நீராவி நேரடியாகப் படிந்து வளரும் படிகங்களையே. ‘ஹோர்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹார்’ என வழங்கியது. நரைத்தது என்பது அதன் பொருள். விடியலில் புல்லும் கிளையும் நரைத்த தலையாகத் தோன்றுவதால் அப்பெயர் உறைபனிக்கு ஆகி வந்தது.

தமிழில் ‘உறைபனி’ என்று மட்டும் எழுதினால், புல்லின் மேல் படிவதா, பனிப்பரப்பில் வளர்வதா என்பது விளங்காது. ‘மேற்பரப்பு உறைபனிப் படிகம்’ என்றால் விளங்கும், ஆனால் களக்குறிப்பு எழுதுவோருக்கு அது சொல்லன்று, தொடர். மூலத்தில் உள்ள நரையையே எடுத்து, உறைபனியைப் போல வினைத்தொகையாக ‘நரைபனி’ என ஆக்கி, ‘பரப்பு நரைபனி’ என வழங்கலாம் என்பது என் கருத்து.

மேகமற்ற, காற்று அடங்கிய இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு இழந்து, தனக்கு மேலுள்ள காற்றைவிடப் பல பாகை குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் ஈரக்காற்றின் நீராவி, நீராகாமலே பனிக்கட்டியாகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால், அடியில் குறுகி மேலே விரியும் இறகு வடிவத் தகடும் அதன்மேல் ஓடும் நுண்வரிகளும் தெரியும். இவை சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை வளரும்.

காற்றும் வெயிலும் இவற்றை எளிதில் அழித்துவிடும். அதற்குள் புதுப்பனி மெதுவாக விழுந்து மூடிவிட்டால்தான் ஆபத்து. நிமிர்ந்து நிற்கும் தகடுகள் மேலிருந்து வரும் எடையை ஓரளவு தாங்கினாலும், சரிவின் போக்கில் இழுக்கும் விசைக்கு எளிதில் மடிகின்றன. அண்டைப் பனியோடு மெதுவாகவே பிணைவதால், இந்த மெல்லிய அடுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வலுவிழந்தே கிடக்கும். செங்குத்தான சரிவில் ஒரு பனிச்சறுக்கு வீரரின் எடையே அதை ஓரிடத்தில் முறிக்கப் போதும். முறிவு அடுக்கு நெடுகப் பரவி, மேலுள்ள பனிப்பாளம் முழுவதும் பெயர்ந்து பனிச்சரிவாகிறது. சமதளத்தில் நடக்கும்போது காலடியில் ‘வும்ஃப்’ என்று பனி அமுங்கி ஒலித்தால், இத்தகைய நொய்ந்த அடுக்கு உள்ளே குலைந்தது என்று கொள்ளலாம்.

பனியடுக்கின் உள்ளே, தரையை ஒட்டி உருவாகும் ‘டெப்த் ஹோர்’ படிகங்களை ‘ஆழ் நரைபனி’ எனலாம். மீக்குளிர்ந்த, அதாவது உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத, நீர்த்துளிகள் மோதி உறையும் ‘ரைம்’ வேறு. அது நீராவியிலிருந்து வருவதன்று என்பதால் அதற்கு இப்பெயர் பொருந்தாது.