சப்பிரைம் கார்டு ‘துணை முதன்மை அட்டை’ அல்ல

கடன் அட்டை பற்றித் தமிழில் எழுதும் தளங்களில் ‘துணை முதன்மைக் கடன் அட்டை’ என்ற தொடர் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. கடன் மதிப்பெண் குறைந்தவருக்குத் தரும் அட்டையை ஆங்கிலத்தில் சப்பிரைம் (subprime) கார்டு என்பார்கள். அந்தச் சொல்லை இரண்டாக வெட்டி, சப் என்றால் துணை, பிரைம் என்றால் முதன்மை என்று ஒட்டிய ஒட்டு. அகராதிக்குச் சரி, பொருளுக்கு முழுத் தவறு.

பிரைம் லத்தீன் வழிச் சொல். ‘முதல்’ என்பது வேர்ப்பொருள். அமெரிக்க வங்கிகள் தங்களுக்கு மிக நம்பிக்கையான வாடிக்கையாளருக்குப் போடும் வட்டியை ‘பிரைம் ரேட்’ என்றன. அந்தத் தகுதிக்குக் கீழே நிற்பவர் சப்பிரைம். 2007-08 வீட்டுக்கடன் நெருக்கடி அந்தச் சொல்லை நம் செய்தித்தாள்வரை கொண்டுவந்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

இந்த வழக்கில் ‘சப்’ என்பது கோட்டுக்குக் கீழே என்று பொருள்படும். கோடு மதிப்பெண்ணில் இருக்கிறது. கடன் கட்டிய வரலாற்றுக்கு மதிப்பெண் போடும் நிறுவனம் சிபில். அதன் மதிப்பெண் 300 முதல் 900 வரை ஓடும். சிபில் பகுப்பில் 680 வரை சப்பிரைம், 681-730 நியர் பிரைம், 731 முதல் பிரைம். அமெரிக்காவில் அளவுகோலே வேறு: 850-தான் உச்சம், பிரைம் பெரும்பாலும் 660-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அங்கே எழுதிய கட்டுரையை அப்படியே தமிழாக்கி, 660 வைத்திருப்பவரை ‘நீங்கள் பிரைம்’ என்று நம்ப வைப்பதும் நடக்கிறது.

துணை என்பதில் என்ன கோளாறு? கடன் அட்டை உலகில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஒருவர் பெயரில் உள்ள கார்டு முதன்மை அட்டை. அதே கணக்கில் மனைவிக்கோ மகனுக்கோ வாங்கித் தருவது துணை அட்டை, பேச்சில் ஆட்-ஆன் கார்டு. அதில் செலவழித்தாலும் கட்டவேண்டியவர் முதன்மை அட்டைக்காரர்தான். இப்போது ‘துணை முதன்மை அட்டை’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் வீட்டுக்காரம்மாவுக்கு எடுக்கிற கார்டு என்றுதான் நினைப்பார். அவர் மேல் குற்றமில்லை. ‘சப்’ வந்த இடமெல்லாம் துணை போடுவது தமிழும் அல்ல. சப்-கலெக்டர் சார் ஆட்சியர், சப்-ரிஜிஸ்ட்ரார் சார்பதிவாளர், சப்வே சுரங்கப்பாதை. இடமறிந்து மாற்றத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். இப்போது எந்திரம் கொடுத்ததை எடுத்துப்போடும் அவசரம்.

இன்னொரு போட்டியாளர் ‘தரமற்ற கடன் அட்டை’. இது இன்னும் மோசம். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் ஜவ்வரிசி மூட்டையை இரண்டாந்தரம் என்றால் குறை மூட்டைக்குள் இருக்கிறது. இங்கே கார்டில் குறையில்லை. அது எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி தேய்கிறது. மேலும், வங்கிக் கணக்கில் ‘தரக்குறைவான சொத்து’ என்பது தனி இனம்: 90 நாளைத் தாண்டித் தவணை நின்று வாராக்கடனாகி, அந்த நிலையில் 12 மாதம்வரை இருப்பது. சப்பிரைம்காரர் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவர் கடனைத் தரமற்றது என்பது அபாண்டம். ‘நாணயம் குறைந்தவர்’ என்பதும் ஆகாது. மதிப்பெண் எடைபோடுவது திருப்பிக் கட்டிய வரலாற்றை, ஆளின் யோக்கியதையை அல்ல.

அப்படியானால்? ‘உயர்தகுதி அட்டை’, ‘குறைதகுதி அட்டை’ என்பேன். கடன் தகுதி என்ற சொல் முன்பே புழக்கத்தில் இருக்கிறது. தூய்மை பார்ப்பவர்களுக்கும் உறுத்தாது, கவுண்டரில் நிற்பவருக்கும் புரியும். பிடிக்காவிட்டால் பிரைம், சப்பிரைம் என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். ஒரே எச்சரிக்கை: ‘பிரைம்’ என்று பெயர் அச்சிட்ட கார்டுகள் சந்தையில் உண்டு. அது விற்பனைப் பெயர், வகை அல்ல.

நம் ஊரில் சப்பிரைம் என்று எழுதி யாரும் கார்டு விற்பதில்லை. மதிப்பெண் குறைந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எப்டி கார்டு, அதாவது வங்கியில் போட்ட நிரந்தர வைப்புத்தொகையை (FD) ஈடாக வைத்துத் தருவது. 20,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டால் வங்கியைப் பொறுத்து அதில் 75 முதல் 100 சதவீதம்வரை லிமிட். கார்டு இருக்கும்வரை அந்த எப்டியை எடுக்க முடியாது. பில் கட்டாமல் விட்டால் வங்கி எப்டியை உடைத்து எடுத்துக்கொள்ளும். ஆனாலும் தாமதம் கடன் அறிக்கையில் பதிந்தது பதிந்ததுதான். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து முழுத் தொகையையும் கட்டினால் மதிப்பெண் ஏறும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு விழாது. ஆனால் வட்டி ஓடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும்.

கொலுசுப் பட்டறையில் ரொக்கக் கூலி வாங்குபவரும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவரும் கடனே வாங்கியிராவிட்டால் சப்பிரைம் ஆகமாட்டார்கள். அவர்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. வரலாறு இல்லாதது வேறு, வரலாறு கெட்டது வேறு. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கும் கட்டுரைகளும் வருகின்றன.

நடுவில் நிற்கும் நியர் பிரைமுக்கு ‘இடைத்தகுதி’ போதும். வெட்டி ஒட்டுகிறவர்கள் கையில் அது ‘அருகிலுள்ள முதன்மை’ ஆகிவிட்டால், சேலம் ஐந்து ரோட்டில் எந்தக் கிளை என்று ஜனங்கள் விசாரிப்பார்கள்.