வெயிலுக்கு முன்னால் கம்பி, கம்பிக்கு அப்புறம் கண்மாய்: பெரிய சோலார் நிலையம் திட்டமிடப்படும் விதம்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் முழுமையடைந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். கட்டி முடிக்க எட்டு மாதம்தான் ஆனது. இவ்வளவு வேகம் சாத்தியமாவதும், பாதியில் வேலை நின்று வழக்காவதும், முதல் கம்பம் இறங்குவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

வெயில் அதிகமுள்ள இடத்தைத் தேடித்தான் கிளம்புவார்கள் என்று தோன்றும். தென் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் வெயிலில் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலில் தேடுவது துணை மின்நிலையத்தை. அங்கே புதிய இணைப்புக்கு இடம் இருக்கிறதா, மின்மாற்றிகள் இன்னும் எவ்வளவு சுமை தாங்கும், ஒரு லைன் பழுதானால் மற்றது முழுச் சுமையையும் இழுக்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை ஆடி மாதத்துக்கும் போட்டாக வேண்டும். காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும் அந்த நாட்களில் தெற்கத்தி லைன்கள் ஏற்கெனவே நிரம்பி வழியும்.

துணை மின்நிலையம் தள்ளிப்போனால் கம்பிச் செலவு மட்டும் ஏறுவதில்லை. 110 கிலோவோல்ட் லைனுக்கு 22 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர் அகலத்தில் பாதை வேண்டும். அதற்குள் கட்டடம் கூடாது, தென்னை வைக்க முடியாது. ஒரே ஒரு கோபுரத்துக்கு இடம் கிடைக்காமல், பேனல்கள் மாட்டி முடித்த நிலையம் மாதக்கணக்கில் சும்மா நிற்பதுண்டு.

அடுத்தது நிலம். நிலையான சாய்வில் பேனல் வைத்தால் மெகாவாட்டுக்குத் தோராயமாக நான்கு ஏக்கர். நூறு மெகாவாட்டுக்கு 400 ஏக்கர் என்றால் அது நூற்றுக்கணக்கான பட்டாக்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது போதாது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாத கூட்டுப் பட்டா, நடுவே ஓடும் வண்டிப்பாதைப் புறம்போக்கு எல்லாம் புல வரைபடத்தை விரிக்கும்போதுதான் தெரியவரும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இடையில் இருந்தால் அதை வாங்கவே கூடாது. பத்திரம் பதிவாகியிருந்தாலும் செல்லாது. நில உச்சவரம்புக்கு மேல் நிறுவனம் வைத்துக்கொள்ள, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஏ பிரிவின்படி அரசின் அனுமதி தனியாக வேண்டும்.

திட்டங்கள் அதிகம் சறுக்குவது தண்ணீரில்தான். ராமநாதபுரத்துப் பக்கம் தரை கிட்டத்தட்ட சமம். ஒரு கண்மாய் நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கோடையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ஒரு பள்ளம், ஐப்பசியில் அரை ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். புல்டோசர் ஓட்டுபவருக்கு அது வெறும் மேடுபள்ளம். 500 ஏக்கரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 20 கோடி லிட்டர். புதரை அகற்றித் தரையை மட்டப்படுத்திய பிறகு அந்தத் தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடும். பேனல்களின் கீழ் விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டி மண்ணை அரிக்கும். ஆகவே அரை மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒன்றாகச் சமமட்டக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பவை) வரைந்து, கால்வாய்களின் இரு கரையிலும் இடம் விட்ட பிறகே பேனல் வரிசைகளை வரைய வேண்டும். உள்சாலை கால்வாயைத் தாண்டும் இடத்தில் சின்னக் குழாய் போட்டால், முதல் வெள்ளத்திலேயே முள்ளும் சருகும் அடைத்துக்கொள்ளும். உள்ளே இன்வெர்ட்டர் அறையில் தண்ணீர் ஏறும், வெளியே கண்மாய் காய்ந்து கிடக்கும். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரு குழாய்தான்.

இங்கிலாந்தில் பெரிய சோலார் திட்டம் என்றால் ஆறு மாதம் வரை பொது விசாரணை உண்டு. இந்தியாவில் சூரிய மின் திட்டங்கள் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் வருவதில்லை, ஆகவே கட்டாயக் கருத்துக்கேட்பும் இல்லை. நிறுவனங்கள் இதைச் சலுகையாக நினைக்கின்றன. எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று ஊரார் சொல்லியிருக்கக்கூடிய தகவல் இதனால் கைவிட்டுப் போகிறது என்பதே எங்கள் எண்ணம்.

கரிசல் மண் இன்னொரு தொல்லை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பேனல்களைத் தாங்கும் சட்டகத்தைப் பாரம் அழுத்துவதைவிடக் காற்று தூக்குவதுதான் ஆபத்து. எனவே சோதனைக் கம்பங்களை இறக்கி, சங்கிலிக் கப்பி கட்டி இழுத்து, எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்று அளக்கிறார்கள். வெடிப்பு விடும் மேல்மண்ணின் பிடிமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோடையில் மட்டும் சோதித்துவிட்டு ஆழத்தைக் குறைத்தால் மழைக்காலத்தில் வரிசைகள் கோணிக்கொள்ளும்.

பேனல் சாய்வு இங்கே எளிய கணக்கு. கமுதி 9.4 பாகை அட்சரேகையில் இருப்பதால் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். நிழல் குட்டை, வரிசைகளை நெருக்கலாம். ஆனால் அட்சரேகையை ஒட்டிய பத்துப் பாகைச் சாய்வில் தூசி வழிந்து போகாது. நூறு மெகாவாட் நிலையத்தில் இரண்டேகால் லட்சம் பேனல்கள் இருந்தால், ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஒருமுறை கழுவவே சுமார் 3.4 லட்சம் லிட்டர் ஆகும். நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு நின்றுவிடும். கமுதியில் ரோபோக்கள் துடைப்பது சும்மா இல்லை.

வங்கி இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கிப் பார்க்கும். நூறு மெகாவாட் நிலையம் தன் முழுத்திறனில் ஆண்டுச் சராசரியாக 20 சதவீதம் உற்பத்தி செய்தால் ஆண்டுக்கு 17.5 கோடி யூனிட். இது சராசரி எதிர்பார்ப்பு. பத்தில் ஒன்பது வாய்ப்புக்காவது எட்டக்கூடிய அளவைத்தான் வங்கி கேட்கும். கணிப்பின் நிச்சயமின்மை 6 சதவீதம் என்றால் அந்த அளவு சுமார் 16.2 கோடி யூனிட். யூனிட் இரண்டரை ரூபாய் என்று வைத்தால் இடைவெளி ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல். ஓராண்டு தளத்திலேயே, வெயிலின் அளவைக் காட்டும் கதிர்வீச்சுமானி வைத்து அளந்தால் இந்த நிச்சயமின்மை குறையும், கருவியின் விலையோ இதற்கு முன் ஒன்றுமில்லை.

உற்பத்தி இருந்தும் மின்வாரியம் “குறைத்துக்கொள்” என்று உத்தரவிடும் மதிய நேரங்கள் இந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் இது வழக்காகி, மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அதனால் கொள்முதல் ஒப்பந்தத்தில் விலைக்கு அடுத்தபடியாக வாசிக்க வேண்டியது, அப்படி நிறுத்தப்பட்ட யூனிட்டை யார், எந்தக் காரணத்துக்கு, எந்தப் பதிவை வைத்துக் கணக்கிடுவார்கள் என்ற பத்தி.